சிதறாக் கண்ணாடி தந்த பெனெதிக்தூஸ்

நாம் நாள்தோறும் கையாளும் பொருள்கள் பல. அவற்றை முதன்முதல் ஆக்கித் தந்தவர் யாவர் என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பேருந்தின் முன்னே அமைந்த பெரிய கண்ணாடியை நாம் காணாத நாளில்லை. கல்லொன்று பட்டால் அதில் சிலந்தி வலைபோல் விரிசல் ஓடும்; ஆயினும் ஒரு துண்டேனும் ஓட்டுநர் முகத்தில் தெறிப்பதில்லை. இக்கண்ணாடியைக் கடைக்காரர் லாமினேட்டட் கண்ணாடி என்பர். நாம் அடுக்குக் கண்ணாடி எனலாம். இதற்கு வழிகண்ட எதுவார் பெனெதிக்தூஸ் என்பாரின் பெயரை அறியாதவர் பலராயினும், அவர் செயலால் பயன் பெறாதவர் இன்று மிகச் சிலரே. இக்கண்ணாடி உயிரைக் காப்பதோடு நில்லாமல், மற்றுமோர் நன்மையையும் செய்கின்றது. வெளியே எழும் இரைச்சலை ஓரளவு வெளியிலேயே நிறுத்துகின்றது. இவ்விரண்டாம் நன்மையை அவர் கருதியதாகத் தெரியவில்லை. கருதாத நன்மையும் ஒருவர் உழைப்பினின்று விளைதல் கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாதலின், அதனை இங்கே சுருங்க எழுதத் துணிந்தோம்.

இரைச்சலைப் பற்றி முதலியார்பேட்டையில் வாழ்வோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சியர் காலத்தில் தனிக் கொம்யூனாக விளங்கிய இவ்வூர், இன்று புதுச்சேரி நகரோடு ஒன்றிவிட்டது. ஊரின் ஊடே கடலூர் சாலை செல்கின்றது. இரயில்வே கேட் அடைபட்டு மீண்டும் திறக்கும் பொழுதில், காத்து நின்ற வண்டிகள் யாவும் ஒருங்கே எழுப்பும் ஆரவாரம், சாலையோரத்து வீட்டில் புத்தகத்தை விரித்திருக்கும் மாணவன் செவியில் அறைவது போல் விழும். முற்காலத்தே இவ்வூரின் ஓசை வேறாக இருந்தது. 1898-ம் ஆண்டில் தோன்றி, மக்களால் ரோடியர் மில் என வழங்கப்பெற்ற ஆங்கிலோ பிரெஞ்சு நூற்பாலையின் சங்கொலியும் தறிகளின் ஓசையுமே ஊரின் நாடித் துடிப்பாக விளங்கின. தறிக்கூடங்களில் நெடுநாள் உழைப்போர்க்குச் செவிப்புலன் குன்றுதல் உலகெங்கும் கண்டறிந்த உண்மை. அவ்வாலை 2020-ம் ஆண்டில் மூடப்பட்டது. தறிகள் ஓய்ந்தன, சாலை ஓயவில்லை.

பெனெதிக்தூஸ் 1878-ம் ஆண்டு ஜூன் மாதம் 29-ம் நாள் பாரீஸ் மாநகரிலே பிறந்தார். அதற்கடுத்த ஆண்டில்தான் விழுப்புரத்தினின்று புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நம் ஊரும் அவர் ஊரும் அந்நாளில் ஒரே கொடியின் கீழிருந்தன. எனினும், அவரும் நம் முன்னோரும் ஒருவரையொருவர் அறிந்தாரல்லர்.

அவர் ஒரு துறையில் அடங்கியிருந்தவரல்லர். சித்திரம் தீட்டினார், தோலில் அழகிய வேலைப்பாடுகள் செய்தார், துணிகளுக்கும் விரிப்புகளுக்கும் கோலங்கள் வரைந்தளித்தார். இவற்றோடு இரசாயன சாஸ்திரத்தையும் விடாது பயின்றார். இசையிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. இசைப் புலவரான மௌரீஸ் ராவேலும், அவரையொத்த இளங்கவிகளும் ஓவியரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரீஸில் கூடி அளவளாவிய அப்பாஷ் என்னும் நண்பர் குழாத்தில் அவரும் ஒருவர். காலையில் வர்ணக் கோலும் மாலையில் சோதனைக் குடுவையுமாக வாழ்ந்த இத்தகையாரை, பல மரம் கண்ட தச்சர் என எள்ளுவோர் எக்காலத்தும் உளர். ஆனால் ஓவியன் கண்ணும் இரசாயனி கையும் ஒருவரிடத்தே கூடியிருந்தமையால்தான், பிறர் பெருக்கித் தள்ளியிருக்கக் கூடிய ஒன்றை அவர் நின்று நோக்கினார் என்பது எம் கருத்து.

அந்நிகழ்ச்சி 1903-ம் ஆண்டில் நேர்ந்தது என்பர். தம் ஆய்வுக் கூடத்தில் உயரமான தட்டிலிருந்த ஒரு கண்ணாடிக் குடுவை தவறித் தரையில் விழுந்தது. விழுந்த கண்ணாடி நொறுங்கிச் சிதறுவதே இயல்பு. இக்குடுவையோ உடைந்தது, சிதறவில்லை. உடைந்த துண்டுகள் யாவும் குடுவையின் வடிவம் குலையாமல் ஒன்றையொன்று பற்றி நின்றன. அவர் அதனைக் கையிலெடுத்து ஆராய்ந்தார். முன்னொரு நாள் அதனுள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் இருந்தது. கரைத்த நீர்மம் நாளடைவில் ஆவியாகிப்போக, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று உட்புறமெங்கும் படிந்து விட்டது. துண்டுகளைச் சிதறவிடாமல் பிடித்து நின்றது அத்தோலே என உணர்ந்தார். உணர்ந்ததைக் குறித்து வைத்துக்கொண்டு தம் வேறு வேலைகளில் ஈடுபட்டார்.

பின்னர், மோட்டார் வண்டி விபத்துக்களில் பலர் உடைந்த கண்ணாடியால் வெட்டுண்டு வருந்தும் செய்தியைப் படித்தபொழுது, அவருக்கு அப்பழங் குடுவை நினைவில் வந்தது என்று சரித்திரம் கூறுவோர் உரைப்பர். பன்முறை சொல்லப்பட்டு வந்த கதையாதலின், அதன் ஒவ்வொரு நுணுக்கத்தையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும் என நாம் வற்புறுத்தமாட்டோம். ஐயமின்றி அறியக்கூடியது யாதெனில், இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே செல்லுலாய்டு ஏடு ஒன்றை வைத்து ஒட்டும் முறைக்கு அவர் 1909-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றார் என்பதே. குடுவை விழுந்ததற்கும் காப்புரிமைக்கும் இடையே ஆறாண்டுகள் கழிந்தன. விபத்தாக நேர்ந்த ஒன்றை விதியாக அமைப்பதற்கு வேண்டிய காலம் அது. குடுவையில் தானே படிந்த தோலை, பரந்த தகட்டில் குமிழியும் மங்கலும் இன்றிப் படியச் செய்தல் எளிய காரியமன்று. மூன்று அடுக்குகள் உடைமையால் அக்கண்ணாடிக்கு திரிப்லெக்ஸ் எனப் பெயரிட்டார்.

இவ்விடத்தில் மற்றொருவரையும் மறத்தல் கூடாது. இங்கிலாந்தில் ஜான் க்ரூ வுட் என்னும் வழக்கறிஞர், 1905-ம் ஆண்டிலேயே இதனையொத்த அடுக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அவருடையது வாணிபத்தில் வேரூன்றவில்லை. முதலில் எண்ணியவர் ஒருவர். நிலைபெறச் செய்தவர் மற்றொருவர். பெனெதிக்தூஸின் புகழைக் கூறுவோர் வுட்டின் பெயரையும் உடன் கூறுதல் நடுவுநிலைமையாகும்.

1911-ம் ஆண்டில் திரிப்லெக்ஸ் கண்ணாடி செய்தற்கெனப் பிரான்ஸில் ஒரு கம்பெனி தோன்றியது; அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் அம்முறையைப் பின்பற்றி ஒரு கம்பெனி எழுந்தது. ஆனால் மோட்டார் வண்டி செய்வோர் அதனை விரைந்து ஏற்றாரல்லர். செய்முறை நுண்ணியது, நேரம் கொள்வது, ஆதலின் விலையும் மிகுதி. அப்பொழுது 1914-ம் ஆண்டின் பெரும்போர் மூண்டது. நச்சுவாயுவினின்று காக்கும் முகமூடிகளில் கண்களுக்கு நேரே பதிக்கத்தக்க, உடைந்தாலும் சிதறாத கண்ணாடி வேண்டியதாயிற்று. வண்டிப் பயணிகளுக்கென ஆக்கிய பொருள், போர்க்களத்தில் எண்ணற்ற வீரர்களின் கண்ணொளியைக் காத்தது. போர் முடிந்தபின் மெல்ல மெல்ல வண்டிகளிலும் ஏறியது. 1927-ம் ஆண்டிறுதியில் வெளிவந்த ஃபோர்டு கம்பெனியின் ஏ மாதிரி மோட்டாரில் அடுக்குக் கண்ணாடி முன்திரை வழக்கமான உறுப்பாகவே அமைந்தது.

இத்துணைக்கும் பெனெதிக்தூஸ் தம் கலையைக் கைவிட்டாரல்லர். 1925-ம் ஆண்டில் பாரீஸில் நடைபெற்ற புகழ்பெற்ற அலங்காரக் கலைப் பொருட்காட்சியில் அவர் வரைந்த துணிக் கோலங்கள் இடம்பெற்றன. நீரூற்றுக்களைக் குறிக்கும் பெயருடைய அவர் துணியொன்று இன்றும் அக்காலக் கலைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகின்றது. தறியை நம்பி வாழ்ந்த முதலியார்பேட்டையார்க்கு, கண்ணாடி கண்ட இவ்வறிஞர் தறிக்குக் கோலம் வரைந்தவரும் ஆவர் என்னும் செய்தி உவப்பளிக்கும் என நம்புகின்றோம். தம் கோலங்களைத் தகட்டில் வெட்டி வர்ணம் தோய்த்து அச்சிட்ட மூன்று சித்திரத் தொகுதிகளையும் அவர் உலகுக்கு அளித்தார். அவற்றுள் கடையாயது 1930-ம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜனவரி மாதம் 28-ம் நாள், தம் 51-ம் வயதில் பாரீஸிலேயே அவர் உயிர் நீத்தார்.

அவருக்குப்பின் அவர் கண்ட கண்ணாடி குறை நீங்கி வளர்ந்தது. செல்லுலாய்டு ஏட்டிற்கு ஒரு பெருங்குறை உண்டு. வெயில் பட்டுப்பட்டு நாளடைவில் மஞ்சளாகிப் பழுப்பேறும்; பிடிப்பும் தளரும். 1930-களின் பிற்பகுதியில், பாலிவினைல் பியூட்டிரால் என்னும் மெல்லிய பிசின் ஏட்டை அமெரிக்கக் கம்பெனிகள் ஆக்கின. இது தெளிவுடையது, இழுத்தால் நீளுவது, கண்ணாடியை விடாது பற்றுவது. இவ்வேட்டின் ஒரு படலம் 0.38 மில்லிமீட்டர் தடிப்புடையது. பெரும்பாலும் இரு படலம் சேர்த்து 0.76 மில்லிமீட்டராக இடுவர். கண்ணாடி, ஏடு, கண்ணாடி என அடுக்கி, சுமார் 140 பாகை வெப்பத்தில், காற்று மண்டலத்தைப்போல் ஏறத்தாழ பன்னிரு மடங்கு அழுத்தத்தில் வைத்தெடுத்தால் மூன்றும் ஒன்றாகும். பெனெதிக்தூஸ் இட்ட பொருள் மாறியது. அவர் கண்ட நெறி மாறவில்லை.

இனி, இக்கண்ணாடி இரைச்சலைக் குறைப்பது எங்ஙனம் என்பதை நோக்குவோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அஃது கண்ணாடியில் மோதும்பொழுது கண்ணாடி தானும் அதிர்ந்து, மறுபுறத்துக் காற்றை அதிரச் செய்கின்றது. கனமான பொருளை அசைத்தல் அரிது. ஆகவே தடிப்பை இருமடங்காக்கினால் சுமார் 6 டெசிபெல் ஒலி குறையும் என்பது கணக்கு. நடைமுறையில் அதனினும் சற்றுக் குறைவே. சக்தி பாதியாகக் குறையின் 3 டெசிபெல் குறைந்தது என்போம். ஆயினும் செவிக்கு ஓசை பாதியாகத் தோன்றவேண்டின், சுமார் 10 டெசிபெல் குறைதல் வேண்டும்.

அங்ஙனமாயின் கண்ணாடியைத் தடிப்பாக்கினாற் போதாதோ எனின், போதாது. ஒவ்வொரு தகட்டிற்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு. தகட்டில் ஓடும் வளைவு அலையும், காற்றில் சாய்ந்து வரும் ஒலியலையும் ஒத்திசைந்துவிடும் அதிர்வு எண்ணில், அத்தகடு காவலை மறந்து கதவைத் திறந்துவிடுவது போலாகும். 4 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு நொடிக்குச் சுமார் 3,000 அதிர்விலும், 6 மில்லிமீட்டர் கண்ணாடிக்குச் சுமார் 2,000 அதிர்விலும் இது நேரும். மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. பிரேக்கின் கீச்சொலியும் ஊதலின் கூரொலியும் கதவடைத்த அறையினுள்ளும் நம்மைத் துன்புறுத்துவதற்கு இஃது ஒரு காரணம்.

வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். விளிம்பில் விரலை வைத்தால் உடனே அடங்கும். விரலின் மென்மை அவ்வதிர்வை உண்டு சிறு வெப்பமாக மாற்றிவிடுகின்றது. அடுக்குக் கண்ணாடியில் இடையே உள்ள ஏடு அவ்விரலின் தொழிலைச் செய்கின்றது. இருபுறத் தகடுகளும் வளைய முயலுங்கால் அவை ஒன்றின்மேல் ஒன்று மயிரிழையளவு நழுவப் பார்க்கும். இடையிலுள்ள மென்பொருள் அந்நழுவலை ஏற்றுத் தன்னுள் அடக்கும். மேற்கூறிய பலவீனம் இதனால் பெரிதும் தணிகின்றது. ஒலி குறைப்பதற்கென்றே, நடுவில் மேலும் மென்மையான படலம் அமைத்த மூவடுக்கு ஏடுகளும் இன்று உள்ளன. 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி சுமார் 31 அல்லது 32 டெசிபெல் குறைக்குமாயின், ஏறத்தாழ அதே தடிப்புள்ள இவ்வகைக் கண்ணாடி மேலும் 3 அல்லது 4 டெசிபெல் குறைக்கும். எண் சிறிதாயினும், கூரிய ஒலிகள் மழுங்குவதைச் செவி நன்குணரும். வெப்பம் ஏறினால் ஏடு இளகும், குளிர்ந்தால் இறுகும். ஆதலின் அதன் திறமும் ஓரளவு மாறும் என்பதை நம்மைப் போன்ற வெப்ப நாட்டார் நினைவிற் கொள்ளவேண்டும்.

நம் தமிழ் நாட்டிலேயே, ஸ்ரீபெரும்புதூரில், பிரெஞ்சுக் கம்பெனியாகிய செயின்ட் கோபேன் 2000-ம் ஆண்டு முதல் தகட்டுக் கண்ணாடி செய்து வருகின்றது. 1665-ம் ஆண்டில் பிரெஞ்சு அரசரின் ஆணையால் தோன்றிய கண்ணாடித் தொழிற்சாலையின் வழிவந்தது அக்கம்பெனி. இந்தியாவில் மோட்டார் வண்டிகளின் முன்திரை அடுக்குக் கண்ணாடியாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். வண்டியின் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் சூடேற்றிக் குளிர்வித்து வலுவாக்கிய டஃபன்ட் கண்ணாடியாகும். உடைந்தால் பொடிப்பொடியாக உதிரும். வலுவாக்குதலால் அதன் ஒலி குறைக்கும் திறம் கூடுவதில்லை. விலையுயர்ந்த சில கார்களில் பக்கங்களுக்கும் அடுக்குக் கண்ணாடி இட்டிருப்பதன் நோக்கங்களுள் அமைதியும் ஒன்று.

வீட்டிற்கு இதனை வாங்க எண்ணுவோர் ஒன்றை அறிதல் நலம். சன்னற் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்காகத் திறந்திருப்பினும், கண்ணாடி எத்துணை உயர்ந்ததாயினும், 20 டெசிபெல்லுக்கு மேல் இரைச்சல் குறையாது. ஆகவே சட்டத்தைச் சுற்றிய ரப்பர்ப் பட்டை சரியாகப் பொருந்தியுள்ளதா எனப் பார்த்தலே முதற் கடமை. காற்றை உள்ளே விட்டு இரைச்சலை மட்டும் வெளியே நிறுத்தும் சன்னல் இதுவன்று. மூடிய சன்னலே அமைதி தரும். மூடிய சன்னலுக்கு விசிறியோ குளிர்சாதனமோ வேண்டும். அவற்றுக்குப் பொருள் வேண்டும்.

இங்கேதான் எம் உள்ளம் கலங்குகின்றது. அமைதி விலை கொடுத்து வாங்கும் பண்டமாகி விட்டால், வாங்க இயலாதவர் யாது செய்வர்? குளிரூட்டிய காரினுள் அடுக்குக் கண்ணாடிக்குப் பின் அமர்ந்து செல்வோர் தாம் எழுப்பும் ஹாரன் ஒலியைத் தாமே நன்கு கேளார். சாலையோரத்தில் ஓட்டு வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் மாணவி அதனை முழுதும் கேட்பாள். 2000-ம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த ஒலி விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் எல்லையாகும். மருத்துவமனை, கல்விச்சாலை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகலாம். அங்கே எல்லை பகலில் 50, இரவில் 40. அமைதி மண்டலத்திலும், குடியிருப்புகளில் இரவு வேளையிலும், பொது அவசரம் நேர்ந்தாலன்றி ஹாரன் அடித்தல் ஆகாது. இவ்விதிகளைக் காத்தற்கு எவரும் ஒரு காசும் செலவிட வேண்டுவதில்லை. கண்ணாடி காப்பது ஓர் அறையை. அடக்கம் காப்பது ஒரு தெருவை.

மாணவ நண்பர்களே, பெனெதிக்தூஸின் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, எதிர்பார்த்தது நிகழாதபொழுது அதனை அலட்சியம் செய்யாது நின்று நோக்குதல். குடுவை உடைந்ததை எவரும் காண்பர். அது சிதறாமையை அவர் கண்டார், குறித்தார், ஆறாண்டுக்குப் பின்னும் மறந்தாரல்லர். ஆய்வுக் கூடத்தில் சோதனை தவறியது என்று நாம் கழுவிக் கொட்டும் குடுவைகளில் எத்துணை உண்மைகள் கழிந்தொழிந்தனவோ அறியோம். இரண்டாவது, பிறர் துன்பம் தீரவேண்டும் என்று செய்த நற்செயல் செய்தவன் கருதாத இடத்திலும் பயன் தரும் என்பது. வெட்டுக் காயத்தைத் தடுக்க அவர் இடையில் வைத்த மெல்லேடு, அவர் மறைந்து பல்லாண்டுகட்குப் பின் நோயாளிக்கு உறக்கமும் மாணவனுக்கு ஊக்கமும் தருகின்றது.

இரு வன்பொருள்களுக்கு நடுவே நின்று, அதிர்ச்சியைத் தான் ஏற்று, இரண்டையும் பிரியாமல் பிடித்து நிற்பதே அவ்வேட்டின் இயல்பு. வீட்டிலும் தெருவிலும் கலாசாலையிலும் அத்தகையோர் சிலர் உளராயின், இரைச்சல் மிகுந்த இவ்வுலகு வாழ்தற்கு இனிதாகும். அச்சிலருள் நம் கலாசாலை மாணவரும் இடம்பெற இறைவன் அருள்வானாக.